கடைசியில் வந்தவருக்குத் தங்கம்: ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கில் இது எப்படி நடக்கும்?

ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் பார்க்க உட்கார்ந்தால் கண்ணை எடுக்க முடியாது. ஏன் தெரியுமா?

ஒரு சுற்று வெறும் 111.12 மீட்டர்தான். ஆளுக்கொரு பாதை கிடையாது. எல்லாரும் ஒரே வளைவில் முண்டியடித்துப் பாய்வார்கள். ஒருவர் சறுக்கினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து விழலாம். பதக்கத்தை முடிவு செய்வது நேரம் இல்லை, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார் என்பதுதான். அதற்குப் பிறகும் நடுவர்கள் காணொளியைப் பார்த்து ஒருவரைத் தகுதிநீக்கம் செய்யலாம்!

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், 1,000 மீட்டர் இறுதிச்சுற்று. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி கடைசியில் வந்துகொண்டிருந்தார். கடைசி வளைவில் முன்னால் போன நால்வரும் விழுந்தார்கள். தங்கம் அவருக்கு!

வெறும் லக்கா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வேகத்தில் மற்றவர்களை முந்த முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மோதலில் சிக்காமல் பின்னால் வருவதையே உத்தியாக வைத்திருந்தார். 2000இல் கழுத்தெலும்பு முறிந்தும் விளையாட்டை விடாதவர் அவர்.

நம்ம சிங்கப்பூருக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்கால ஒலிம்பிக்கில் சிங்கப்பூரை முதன்முதலில் பிரதிநிதித்த செயன் கோ, 2018 பியோங்சாங்கில் களமிறங்கியது இதே விளையாட்டில்தான்.

அடுத்த முறை பார்க்கும்போது முன்னால் போகிறவரை மட்டும் கவனிக்காதீங்க. பின்னால் வருகிறவர் மேலும் ஒரு கண் இருக்கட்டும்!