கொட்டைமுத்தும் குளோரினும்

புதுக்கோட்டைப் பக்கத்துப் புஞ்சைகளில் கடலைக்கு ஊடேயும் வரப்போரத்திலும் ஆமணக்கு நிற்கும். அதன் கொட்டைமுத்தில் ரிசின் என்றொரு நஞ்சு உண்டு. 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் பட்டியலில், சாரின் நச்சுக்கும் கடுகு வாயுவுக்கும் பக்கத்திலேயே அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 1978 செப்டம்பரில், லண்டன் பேருந்து நிறுத்தத்தில் நின்ற பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவின் தொடையில் குண்டூசித் தலையளவு உலோகக் குண்டு ஒன்று பாய்ந்தது. நான்காம் நாள் இறந்தார். குண்டில் இருந்தது ரிசின்தான் என்று நிபுணர்கள் முடிவுகட்டினார்கள்.

நம் கிராமத்துக் கைப்பக்குவமோ இந்த நஞ்சை எப்போதோ வென்றுவிட்டது. கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். ரிசின் ஒரு புரதம். சூட்டில் செயலிழந்துவிடும், எண்ணெயிலும் கரையாது. செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் அது தங்கும் என்பதால்தான் அதை மாட்டுக்கு வைப்பதில்லை, வயலுக்குத்தான் போடுகிறார்கள்.

அப்படியானால் ஆமணக்கு ஆலைகளெல்லாம் ஆயுதத் தொழிற்சாலைகளா? உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவிக்கும் இந்தியாவுக்கு இது வேடிக்கையான கேள்வி அல்ல. எண்ணெய் ஆலைகளைக் கண்காணிப்பு வளையத்துக்குள் இழுக்க வேண்டாம் என்று ஹேக் நகரில் இயங்கும் தடை அமைப்பின் அறிவியல் குழுவே பரிந்துரைத்தது. உடன்படிக்கை பார்ப்பது நோக்கத்தையும் அளவையும். மருந்துக்கும் ஆய்வுக்கும் முதல் பட்டியல் இரசாயனங்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாட்டின் மொத்த இருப்பு 1 டன்னைத் தாண்டக் கூடாது.

இந்தியாவின் கதையில் ஒரு நெருடல் உண்டு. இரசாயன ஆயுதமே தன்னிடம் இல்லை என்று 1992-இல் பாகிஸ்தானுடன் கூட்டறிக்கை விட்ட தேசம், 1997-இல் 1,044 டன் கடுகு வாயு இருப்பதாக ஒப்புக்கொண்டது. சொன்ன பிறகு சுணங்கவில்லை. 2009-க்குள் முழுவதையும் அழித்தது. அமெரிக்கா முடிக்க 2023 ஜூலை ஆயிற்று.

பட்டியலில் இல்லாததால் ஒரு பொருள் தப்பிவிடுவதும் இல்லை. குடிநீர்த் தொட்டியில் கலக்கும் குளோரின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஆளைக் கொல்ல எடுத்தால் அதுவும் தடைசெய்யப்பட்ட ஆயுதமே. இந்தத் தடை வருமுன், 1990 ஜூனில், மட்டக்களப்பு மாவட்டத்தின் கிழக்குக் கிரான் ராணுவ முகாம்மீது விடுதலைப்புலிகள் குளோரினைத் திறந்துவிட்டார்கள். வாழைச்சேனைக் காகித ஆலையிலிருந்து எடுத்துவந்த உருளைகள் அவை. காற்று திசைமாறி, வாயுவின் ஒரு பகுதி விட்டவர்கள் பக்கமே திரும்பி வந்தது.