'அட்வைஸ்' என்னும் ஆங்கில வினை

நம் அன்றாடப் பேச்சில் ஒருவரைப் பற்றி 'அட்வைஸ் பண்ணுகிறார்' என்று சொல்லும்போது, கேளாதவருக்கு வலியச் சென்று உபதேசம் செய்கிறார் என்னும் சலிப்பே பெரும்பாலும் தொனிக்கிறது. ஆயினும் ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு இயல்பாக உள்ள அர்த்தம் அதனினும் கண்ணியமானது. காண்பதைக் குறிக்கும் லத்தீன் வினையடியில் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், ஒரு விஷயம் தனக்கு எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே எடுத்துரைத்துவிட்டு, ஏற்பதும் விடுவதும் கேட்பவருடைய சித்தம் என்று ஒதுங்கி நிற்பதையே உணர்த்துகிறது.

வைத்தியர் நோயாளியிடம் 'ஐ அட்வைஸ் யூ டு ரெஸ்ட்' என்றால், ஓய்வெடுப்பது நல்லது என்னும் தம் அபிப்பிராயத்தைக் கூறுகிறார். அவ்விடத்தில் 'ஆர்டர்' என்ற வினையை வைத்தால் அது ஆக்ஞையாகிவிடும். வேண்டாமென்று தடுக்கும்போது 'அட்வைஸ் அகென்ஸ்ட்' என்பது பிரயோகம். எழுத்தில் பெயர்ச்சொல்லுக்கு 'சி'யும் வினைக்கு 'எஸ்'ஸும் வரும். யோசனை என்னும் பொருளில் அப்பெயரைப் பன்மையாக்குவது வழுவாகும். வர்த்தகத்திலோ தெரிவித்தல் என்ற வேறொரு பொருளும் உண்டு. பாங்கியிலிருந்து வரும் 'கிரெடிட் அட்வைஸ்', கணக்கில் பணம் சேர்ந்ததை அறிவிக்கும் சீட்டேயன்றி யோசனை அன்று.

இவ்வளவு மிருதுவான சொல், அதிகார ஸ்தானத்தை அடைந்ததும் வலிமை பெற்றுவிடுகிறது. குடியரசுத் தலைவருக்கு 'எய்ட் அண்ட் அட்வைஸ்' செய்ய மந்திரிசபை ஒன்று இருக்கவேண்டும் என்கிறது நம் அரசியல் சாசனத்தின் 74-ஆவது பிரிவு. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தமோ அந்த ஆலோசனையின்படியே அவர் நடக்கவேண்டுமென்று வெளிப்படையாக விதித்தது. 1978-இன் 44-ஆவது திருத்தத்தினால், மறுபரிசீலனை செய்யுமாறு ஒருமுறை திருப்பியனுப்பும் உரிமை அவருக்குக் கிடைத்தது எனினும், மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரே.

காரியாலயக் கடிதங்களில் 'யூ ஆர் அட்வைஸ்ட் டு' என்று தொடங்கும் வாக்கியத்தையும் எந்த ஊழியரும் வெறும் யோசனையாகக் கொள்வதில்லை. ஆதலின், பதவியில் இருப்போர் கட்டளையிட விரும்பினால் கட்டளையென்றே எழுதுவதும், யோசனை கூறுவதானால் மறுப்பதற்கும் இடம் வைத்துக் கூறுவதும், அச்சொல்லுக்கு மட்டுமல்லாமல் அதைக் கேட்கும் மனிதருக்கும் செய்யவேண்டிய மரியாதையாகும்.