கச்சேரி வாசல் – 14: 33 அடிச் சங்கிலி

மதுரை கலெக்டர் ரோஸ் பீட்டரும், மீனாட்சியம்மனுக்கு அவர் செய்துகொடுத்த ரத்தின அங்கவடிகளும் போன வாரத்தோடு முடிந்தன. இந்த வாரம் தாமஸ் மன்றோ பத்திகொண்டாவில் காலமான கதை என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு சங்கிலி வந்து இழுத்துக்கொண்டது.

அங்கவடி என்றாலே சென்னைத் தீவுத்திடல் பக்கம் நிற்கும் மன்றோ சிலை நினைவுக்கு வரும். 1839-இல் நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தச் சிற்பி சாண்ட்ரி லண்டனுக்குச் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் இவை இல்லை. அது அவர் பாணி. இவ்வளவு பேசும் நாம், மன்றோ குதிரையேறி எங்கே போனார் என்றும் கேட்க வேண்டும்.

வயலுக்குப் போனார். 1792-இல் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்த பாராமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரத்தில், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழு ஆண்டுகள். 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பா, அனந்தபூர் சீமை. அங்கே 1802-இல் வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்.

அளந்த சங்கிலியின் நீளம் 33 அடி. பக்கத்துக்கு ஒரு சங்கிலி வீதம் சதுரம் பிடித்தால் 1,089 சதுர அடி. அப்படி 40 சதுரம் சேர்ந்தால் 43,560 சதுர அடி. அதுதான் ஓர் ஏக்கர். ஓர் அடி கூடாது, ஓர் அடி குறையாது. பின்னமே வராத கணக்கு. வரப்பில் நின்றபடியே கர்ணம் மனக்கணக்காகப் போட்டுவிடலாம், பக்கத்தில் நிற்கும் விவசாயியும் சரிபார்த்துவிடலாம். கர்நாடகத்தில் நிலம் வாங்குபவர்கள் இன்றும் சொல்லும் குண்டா இந்த அளவுதான். இதைத் தாளில் பெருக்கிப் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குடியானவன் சரிபார்க்கக்கூடிய கணக்கைவிடப் பெரிய மரியாதையை ஓர் அரசாங்கம் அவனுக்குச் செய்துவிட முடியாது.

அளந்த நிலத்துக்கு உழுபவன் பெயரிலேயே பட்டா. இடையில் குத்தகைதாரர் இல்லாமல் சர்க்காரோடு நேர்க்கணக்கு. இதுதான் ரயத்வாரி. அதற்காக வரி லேசாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மகசூலில் ஏறக்குறைய 45 விழுக்காடு சர்க்காருக்குப் போகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கக் கூடாது, ஆகவே தீர்வையில் கால்பங்கைக் குறையுங்கள் என்று 1807-இல் மன்றோவே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. 1820-இல் சென்னை கவர்னராகத் திரும்பி வந்தவர், குறைத்துக் காட்டினார். தான் போட்ட தீர்வை கனக்கிறது என்று தானே எழுதி, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறக்காமல் இருந்த அதிகாரி அவர்.

அந்தப் பழைய நடைமுறையின் வாடை இன்றும் நம் தாலுகா அலுவலகங்களில் இருக்கிறது. மே, ஜூனில் ஆண்டுக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கும்போது போய்ப் பாருங்கள். கணக்கு இன்னும் பசலி ஆண்டுப்படிதான்: 2025-இல் முடித்தது 1434-ஆம் பசலி. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஜமாபந்தி அலுவலர் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். நில அளவைச் சங்கிலியும் மேசைக்கு வருகிறது, அதையும் பார்வையிடுகிறார். கடைசி நாள் குடிகள் மாநாடு. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு கொடுக்க வருகிறவர்களில் பலருக்கு, ஒரு பெரிய அதிகாரியை எதிரே பார்க்கும் நாள் வருடத்தில் அது ஒன்றே. அன்று அவர் மனுவை வாங்கிப் படித்தாரா, படிக்காமல் பக்கத்து ஆளிடம் தள்ளினாரா என்பதை அந்த வீட்டில் இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். அரசாணை எண் யாருக்கும் நினைவிருக்காது.

ஓர் அதிகாரி ஊரில் விட்டுப்போகும் பெயர் இப்படித்தான் உண்டாகிறது. திறப்பு விழாக் கல்வெட்டை மழை அரித்துவிடும். சரியாக அளந்த வரப்பும் பிழையில்லாமல் எழுதிய பட்டாவும் பேரன் காலத்திலும் அவருக்காகப் பேசும்.

தெலுங்குச் சீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தது இதனால்தான் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பெயரிலிருந்து திருமலையின் மன்றோ கங்காளத்துக்கும், அங்கிருந்து 1827 ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் காலரா கண்ட கூடாரத்துக்கும் போக வேண்டும். அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும்.

(அடுத்த வாரம்: பத்திகொண்டா)