மாஸ்க் போட்டுக்கொண்டு உரக்கக் கேட்க முடியாத மருந்து

“ஊரடங்கிலும் ஆஸ்பத்திரி, மெடிக்கல் ஷாப் எல்லாம் திறந்துதானே இருந்தது? சின்ன வயசுக்காரர்களுக்கு மட்டும் அப்படி என்ன தனிக் கஷ்டம்?” என்றார் நண்பர். நியாயமான கேள்வி. டீ வரட்டும், சொல்கிறேன்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. மருந்துக்கடை திறந்திருந்தது, உண்மைதான். கடை வாசல் எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? குறுக்கே ஒரு கயிறு, தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். மாஸ்க்கோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மருந்துப் பெயரைக் கத்திச் சொன்னால்தான் உள்ளே காதில் விழும். பாராசிட்டமாலைக் கத்திக் கேட்கலாம். கர்ப்பப் பரிசோதனை கிட்டை? அடுத்த வட்டத்தில் நிற்பவர் அப்பாவோடு வேலை பார்ப்பவர்.

அதற்கு முன்பு காலேஜ் பஸ் இருந்தது. யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரில் இறங்கி, வேண்டியதை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பலாம். தனியறை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த முப்பது கிலோமீட்டர்தான் அந்தரங்கம். ஊரடங்கு பிடுங்கியது அதைத்தான். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்று காரணம் சொல்லி, ஆவணமும் இணைக்க வேண்டும். இவள் எதை இணைப்பாள்?

இதில் நேரக் கணக்கு வேறு இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரை என்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளியேறுவதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. இதைப் படித்தவர்களிடமே பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டின் பெரும்பாலான மருந்துக்கடைகளில் அது பல வருடங்களாகவே கிடைப்பதில்லை. பெங்களூரிலிருந்து வருகிற தோழியிடம் சொல்லி வாங்கியவர்கள் உண்டு. பஸ்ஸும் ரயிலும் நின்றதும் அந்த வழியும் அடைபட்டது.

நாப்கினையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தியாவசியப் பொருள்களில் அதுவும் சேர்த்தி என்று மத்திய அரசு தெளிவுபடுத்தியது மார்ச் 29-இல்தான். பள்ளியில் இலவசமாக வாங்கிவந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே மூடிக்கிடந்தது.

“போனில் டாக்டரிடம் பேசலாமே?” பேசலாம். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டுதல் அதே மார்ச் 25-ஆம் தேதியே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன்; காலையில் தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு, மற்ற நேரம் அது அப்பா கையில். ஒற்றை ஹாலில் ஐந்து பேர் இருக்க, மாதவிலக்கு தள்ளிப்போனதை எந்த மூலையில் நின்று சொல்வது? இங்கிலாந்தில் 2020 மார்ச் 30 முதல், பத்து வாரத்துக்குட்பட்ட கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரைகளை டாக்டரிடம் போனில் பேசியே வீட்டில் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். 2022-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. இங்கே அப்படியே கொண்டுவந்தால் எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம். நம் வீட்டுக்கு வருகிற பார்சலை யார் பெயருக்கு வந்தாலும் அம்மாதானே பிரிக்கிறார்?

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம், கருத்தடை தவறிய பெண்ணைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘கணவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘துணைவர்’ என்று வைத்தது. சில வகைப் பெண்களுக்கு மட்டும் இருந்த 24 வார வரம்பு மணமாகாதவர்களுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு நிரம்பாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தரும் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் பாதுகாவலரின் எழுத்துபூர்வச் சம்மதம் அவளுக்கு இன்றும் கட்டாயம்.

“சரி, என்னதான் செய்திருக்கலாம்?” என்றார் நண்பர். கொரோனா கணக்கெடுப்புக்குக் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வந்தாரே, அவர் பையில் ஆணுறையும் மாத்திரையும் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஆனால் குடும்பநல வேலைக்கு அவர் கையில் இருப்பது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. கல்யாணமாகாதவர் பெயர் அதில் ஏறாது. அடுத்த தொற்று வருவதற்குள் அவர்களையும் அவர் கணக்கில் சேர்த்து, பையையும் நிரப்பிக் கொடுக்கலாம். அதற்கு யாரும் இ-பாஸ் எடுக்க வேண்டியதில்லை.