கணிப்பொறிக்கு ஆழம் தெரியுமா?

முதலில் ஒரு சிறு சோதனை. இடக்கையில் பேனாவையும் வலக்கையில் அதன் மூடியையும் பிடித்துக்கொண்டு கைகளை நன்றாக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பேனாவில் பொருத்துங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் தவறிவிடும். மூடி, பேனாவுக்கு முன்னாலோ பின்னாலோ போய் நிற்கும். இரு கண்களையும் திறந்தால் எளிதில் பொருந்திவிடும்.

காரணம் என்ன? நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. இடைவெளி உண்டு. ஆகவே அவை ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவைக் கணக்கிடுகிறது.

சாதாரணக் காமிரா ஒற்றைக் கண் உடையது. வெள்ளை விரிப்பின்மீது பூப்போட்ட வெள்ளைக் கோப்பை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். காமிரா தரும் படத்தில் கணிப்பொறி நிற எல்லைகளைத் தேடுகிறது. பூ ஒரு தனிப் பொருளாகத் தோன்றுகிறது. கோப்பையின் விளிம்போ விரிப்பின் வெண்மையில் கரைந்துவிடுகிறது. "இது கோப்பை" என்று பெயர் சொல்வது மட்டுமே வேலையானால் இதனால் பெரும் தீங்கில்லை. ஆனால் கோப்பையை எடுக்க நீளும் இயந்திரக் கைக்கு, பொருள் எங்கே முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கோப்பை தரையில் கிடக்கும்!

ஒளிப்புள்ளி வீசும் கருவி

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'கைனெக்ட்' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. விலை குறைவாக இருந்ததால், ஆராய்ச்சியாளர்கள் அதை இயந்திர மனிதர்களுக்குக் கண்ணாகப் பொருத்தலாயினர். அதன் ஒரு பகுதி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்ப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் வீசும். சுமார் 7.5 செ.மீ. தள்ளியிருக்கும் காமிரா, அப்புள்ளிகள் எங்கே விழுந்தன என்று பார்க்கும்.

இங்கே செயல்படுவது, நீங்கள் பாடத்தில் படித்த இடமாறு தோற்றமே. முடிவிலாத் தொலைவில் ஒரு புள்ளி தோன்றும் இடத்தை அடிப்படையாகக் கொள்வோம். 1 மீட்டர் தொலைவில் உள்ள பொருளின்மேல் அப்புள்ளி விழுந்தால், படத்தில் அது ஏறத்தாழ 44 படப்புள்ளிகள் விலகும். 2 மீட்டரில் 22. 4 மீட்டரில் 11. தொலைவு கூடக்கூட விலக்கம் குறைகிறது. வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு இதை நீங்களே நிறுவலாம். மிகத் தொலைவில் கருவி தடுமாறுவதும் இதனால்தான்.

இவ்வாறு கருவி தரும் படத்தில் 640 × 480, அதாவது 3,07,200 இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் நிறத்துக்குப் பதில் தொலைவு குறிக்கப்பட்டிருக்கும். வினாடிக்கு 30 படங்கள் வந்துகொண்டே இருக்கும்!

மேசையை நீக்குவோம்

இனி பொருள்களைப் பிரிப்பது எப்படி? முதலில் மேசையைக் கண்டுபிடித்து அகற்ற வேண்டும். இதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. 1981-இல் ஃபிஷ்லர், போல்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட முறை அது.

ஏதேனும் மூன்று புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுங்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்ல முடியும். அத்தளத்தையொட்டி வேறு எத்தனை புள்ளிகள் உள்ளன என்று எண்ணுங்கள். இதையே பலமுறை செய்யுங்கள். மிகுதியான புள்ளிகள் சேரும் தளமே மேசை.

குருட்டுத் தேர்வை நம்பலாமா? புள்ளிகளில் பாதி மேசைமேல் இருந்தால், மூன்றும் மேசையிலேயே அமையும் வாய்ப்பு 8-இல் 1. ஐம்பது முறை முயன்றும் ஒருமுறைகூட அவ்வாறு அமையாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 800-இல் 1 மட்டுமே. ஐம்பது முயற்சிகள் கணிப்பொறிக்கு ஒரு பொருட்டா?

மேசைக்குரிய புள்ளிகளை நீக்கியதும், மீதமுள்ளவை தீவுகள்போல் தனித்தனிக் கூட்டங்களாக நிற்கும். 1 செ.மீ.க்குள் அண்டையில் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தால், ஒவ்வொரு கூட்டமும் ஒரு பொருள். அதன் உயரம், அகலம், வளைவு ஆகியவற்றை முன்பே கற்ற வடிவங்களோடு ஒப்பிட்டு, கணிப்பொறி அதற்குப் பெயர் சூட்டுகிறது. வெள்ளை விரிப்பில் கரைந்துபோன நம் கோப்பை இப்போது தனித்து நிற்கிறது. பூவோ கோப்பையோடு ஒன்றிவிட்டது!

ஏமாற்றும் பொருள்கள்

ஆழம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. கண்ணாடித் தம்ளரின் ஊடே கதிர்கள் கடந்து சென்றுவிடும். பளபளக்கும் உலோகம் அவற்றை வேறு திசைக்குத் திருப்பிவிடும். மேசைமேல் கிடக்கும் தாளுக்குச் சொல்லத்தக்க உயரமே இல்லை. அது மேசையோடு சேர்ந்து நீங்கிவிடும். ஒட்டி நிற்கும் சம உயரப் பெட்டிகள் இரண்டும் ஒரே பெட்டியாகத் தோன்றும்.

2015 மே மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் ஒரு போட்டி நடத்தியது. இயந்திரக் கை 20 நிமிடங்களில் அலமாரியின் 12 அறைகளிலிருந்து, குறித்த 12 பொருள்களை எடுக்க வேண்டும். முதலிடம் பெற்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவின் கை, காற்றை உறிஞ்சிப் பொருளைப் பற்றியது. அதுகூட எடுத்தது 10 பொருள்களையே. போட்டிப் பொருள்களுள் கம்பிவலையால் ஆன பேனாக் குவளை ஒன்றும் இருந்தது. கதிர்கள் பல அதன் துளைகள் வழியே நுழைந்துவிடும். உறிஞ்சிப் பிடிக்கவும் வலை இடம் தராது. ஒரு சிறு குழந்தை அதை விளையாட்டாக எடுத்துவிடும்!

ஆகவேதான் இன்றைய இயந்திரங்கள் நிறம், ஆழம் இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றன. ஆழம் தவறவிட்ட தாளை நிறம் காட்டிக்கொடுக்கும். நிறம் மறைத்த கோப்பையை ஆழம் காட்டிக்கொடுக்கும்.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைப் பாருங்கள். அங்குள்ள பாத்திரங்களுள் எவை நிறத்தால் பிரியும், எவை ஆழத்தால் பிரியும், எவை இரண்டையும் ஏமாற்றும் என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். மூன்றாம் பட்டியலில் இடம்பெறும் பொருளை எடுக்க ஒரு வழி தோன்றினால், அதை எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.