மல்லிகைப் பூவும் மார்புச் செல்லும்

வேலூரில் ஓர் ஆய்வு

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டிவிடுவது நம் பக்கத்துக் கைவைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஒதுக்கித் தள்ளாமல், புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஆய்வு 1988-இல் வெளியானது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனை இரத்தத்தில் குறைப்பதில் மாத்திரை முந்தியது. பாலை வற்றவைப்பதிலும் வீக்கத்தை அடக்குவதிலும் பூவும் சளைக்கவில்லை. பக்கவிளைவுகள் காரணமாக அந்த மாத்திரையை இன்று மருத்துவர்கள் யோசித்தே எழுதுகிறார்கள்.

உயிரோடு இருக்கவும் உத்தரவு வேண்டும்

பால் எப்படி வற்றுகிறது என்று அறிய மார்புச் செல்லுக்குள் பார்க்க வேண்டும். பால் சுரக்கும் செல்கள் கர்ப்பத்தின்போது பெருகுகின்றன. பெருகியவை தாமாகவே நிலைத்துவிடுவதில்லை. புரோலாக்டினும் ஐ.ஜி.எஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகளும் செல்லின் மேலுள்ள ஏற்பிகளைத் தொட்டபடி இருக்க வேண்டும். அதுதான் உயிரோடு இருக்க உத்தரவு. தொட்டால் உள்ளே ஏ.கே.டி. என்ற புரதம் விழிக்கும். செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் புரதங்களை அது கட்டிப்போடும்.

குழந்தை குடிப்பதை நிறுத்தினால் பால் தேங்கும். தேக்கமே ஒரு சேதிதான். ஸ்டாட்-3 என்ற புரதம் தலைதூக்கும், ஐ.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் வேறொரு புரதம் சுரக்கும். உத்தரவு நின்றதும் செல்கள் வரிசையாக மடியும். எலிகளில் முதல் இரண்டு நாளுக்குள் குட்டிகளைத் திரும்ப விட்டால் சுரப்பு மீளும். அதற்குப் பின் சுரப்பியே கலைந்து அந்த இடத்தில் கொழுப்பு நிறையும்.

கம்பெனி பஸ் கிளம்பிய பிறகு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பகுதியான ‘அப்பர்’ தைக்கும் மிஷின்களில் பெரும்பாலும் பெண்கள்தான். விடிந்ததும் பஸ் ஏறும் தாய்க்கு மதியத்துக்குள் பால் கட்டிவிடும். ரவிக்கை நனையும், மார்பு கல்லாய்க் கனக்கும். மூன்று மணி நேரத்துக்கொரு முறை பீய்ச்சி எடுத்தால் வலியும் குறையும், சுரப்பும் நிற்காது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை என்பது சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். கூச்சப்பட வேண்டியதில்லை, கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து பாலூட்டுவதில் தாய்க்கும் நன்மை உண்டு: 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த கணக்குப்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 4.3 விழுக்காடு குறைகிறது.

உத்தரவு ஓயாவிட்டால்

ஹெர்-2 என்ற ஏற்பி இயல்பான மார்புச் செல்லிலும் கொஞ்சம் உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காட்டில் அதன் மரபணு பல பிரதிகளாகிவிடுகிறது. ஏற்பிகள் நெருக்கியடித்து நின்று, வெளியே யாரும் சொல்லாமலே உள்ளே ‘இரு, பெருகு’ என்று ஓயாமல் ஏவுகின்றன. சாக வேண்டிய செல் சாவதில்லை. அந்த ஏற்பியை மறிக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014-இல் பெங்களூரு பயோகான் அதற்கிணையான மருந்தை இந்தியாவில் குறைந்த விலையில் கொண்டுவந்தது.

என்னை உறுத்துவது ஒன்று. பாலூட்டும் பெண்ணின் மார்பில் எந்தக் கட்டி வந்தாலும் ‘பால் கட்டு’ என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பால் கட்டு என்றால் பாலை எடுத்ததும் சில நாளில் கரைய வேண்டும். இரண்டு வாரமாகியும் கரையாவிட்டால், காம்பு உள்ளிழுத்தால், இரத்தம் கசிந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். பாலூட்டிக்கொண்டே ஸ்கேன் எடுக்கலாம். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தால் அறிக்கையில் ஹெர்-2 எண்ணைப் பாருங்கள். 3+ என்றால் அந்த ஊசிக்கு வழியுண்டு. 2+ என்றால் ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு சோதனை செய்த பிறகே முடிவு சொல்ல முடியும்.