தழும்பு வரலையே, இன்னொரு ஊசி போடலாமா?

குழந்தையின் இடது தோளில் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டு மூன்று மாதம் ஆகியும் தழும்பு விழவில்லையென்றால் பெற்றவர்களுக்குக் கவலை வந்துவிடுகிறது. ‘மருந்து ஏறலையோ? இன்னொரு தரம் போட்டுடலாமா?’ என்று நர்சம்மாவைக் கேட்கிறார்கள். வேண்டாம். தழும்பு இல்லாததால் பாதுகாப்பு இல்லை என்று ஆகாது. அதற்காக மறுபடி ஊசி போடுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை.

கேள்விக்கு அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை: மருந்து கூடினால் பாதுகாப்பும் கூடும். காசநோயில் இதைச் சோதித்துப் பார்த்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. பிசிஜி இயக்கத்தை எதிர்த்து ராஜாஜி 1955இல் நூலே எழுதிய மாநிலம் இது. ஊசியால் பயன் உண்டா என்பதை விவாதத்தால் தீர்க்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும் என்று 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில், அந்த ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அதில் கைகோத்தன. சுமார் 2,80,000 பேருக்கு ஊசி. சிலருக்கு 0.1 மில்லிகிராம் பிசிஜி, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில்.

1979இல் முதல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைச் சிறிய அளவும் தடுக்கவில்லை, பத்து மடங்கு அளவும் தடுக்கவில்லை. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகும் பெரியவர்களில் பலன் பூஜ்ஜியம்தான். சிறுவர்களில் 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத கணக்கு.

ஏன்? நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்கள் ஏராளம். வளர வளர அவற்றோடு பழகிவிட்ட உடலுக்கு பிசிஜி புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை என்பது முக்கியமான ஒரு விளக்கம். ஏற்கெனவே காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருப்பவர்களும் இங்கே நிறைய. அதனால் ஊசியின் அளவைவிட, எந்த வயதில் போடுகிறோம், எந்த வழியாகப் போடுகிறோம் என்பவை பெரிதாகின்றன. 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் குரங்குகளுக்கு இதே பிசிஜியை ரத்தக்குழாய் வழியே, மிக அதிக அளவில் செலுத்தினார்கள். 10இல் 9 குரங்குகள் நோயிலிருந்து காக்கப்பட்டன. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் செய்தி. உயிருள்ள கிருமியை மனித ரத்தத்தில் செலுத்துவது தடுப்பூசி முறையாக இன்று வழக்கத்தில் இல்லை.

செங்கல்பட்டு முடிவைக் கேட்டு ‘அப்போ குழந்தைக்கு எதுக்கு?’ என்று நினைத்துவிடக் கூடாது. பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் பிசிஜி நன்றாகவே தடுக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடச் சொல்கிறார்கள். ஒரு மாதம் வரை 0.05 மில்லி, அதன்பின் ஒரு வயது வரை 0.1 மில்லி, அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். தோலின் மேலடுக்குக்குள் சரியாகப் போட்டால் அந்த இடத்தில் உடனே சின்னதாகப் புடைக்கும். சில வாரத்தில் கொப்புளமாகி, உடைந்து, தானே ஆறும். மஞ்சளோ களிம்போ வேண்டாம். அளவு மிஞ்சினாலோ, ஊசி ஆழமாக இறங்கிவிட்டாலோ, அக்குளில் நெறி கட்டிச் சீழ் பிடிக்கக்கூடும். அப்படியானால் ஊசி போட்ட இடத்திலேயே போய்க் காட்டுங்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்பைப் பதிவு செய்து மேலே தெரிவிப்பது அவர்கள் கடமை. செய்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இதனால் ‘இன்னொரு நாள் வாங்க’ என்ற பதில் கிடைக்கலாம். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே ஊசி போட்டாயிற்றா, தாய் சேய் நல அட்டையில் தேதி ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு பிசிஜி போட்டுப் பார்க்கும் முயற்சி 2024இல் சில மாநிலங்களில் தொடங்கியது. அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், மறுக்கவும் செய்யலாம்.

கையில் தழும்பு இருக்கிறது, எனக்கு டிபி வராது என்று இருமலைப் பொறுத்துக்கொண்டு ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்கோ ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அச்சம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கும் பரிசோதனை செய்து, தேவையானால் நோய் வராமல் காக்கும் மாத்திரை தருவார்கள். பணமோ மருந்தோ வரவில்லையென்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் பலர் நோயை மறைப்பதற்குக் கூலி போய்விடும் என்ற பயமே காரணம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்குச் சாதாரண நோயென்றால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் நீண்டகால நோய்கள் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் 80 சதவீதம் கிடைக்கும். தேவைப்பட்டால் இரண்டு ஆண்டுகள் வரைகூட. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றை வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். சந்தா பிடித்தும் கட்டாத முதலாளி என்றால் புகாரும் அங்கேயே கொடுக்கலாம்.